பூசணிக்காயோடு போன என் முதல் கதை

புது நெல், வாழைத்தார், கால் கட்டிய சேவல்... அறுப்பின் பண்டிகை அன்று எங்கள் வேதக்கோயிலுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுவது அந்த வாசம்தான். ஐயர் என்று நாங்கள் கூப்பிடும் பாதிரியார் பிரசங்கம் பண்ணும்போது நடுவில் சேவல் கூவும். அவர் கொஞ்சம் நிறுத்தி, அது முடித்ததும் தொடர்வார்.

திருவாரூர் பக்கத்தில் சின்ன லுத்தரன் சபை எங்களுடையது. விளைச்சலில் முதலில் வந்ததை ஆல்டர் என்கிற பலிபீடத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் வாசலில் அத்தனையும் ஏலம் போகும். அப்பா எப்போதும் ஒரு மூட்டை நெல் வைப்பார். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவைப் பயிர் காய்ந்துவிட்டது. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று சட்டையைக்கூட மாட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

எனக்குத்தான் அந்த அபார யோசனை வந்தது.

காலேஜ் முடித்து வீட்டில் இருந்தேன். ஒரு சின்ன கிறிஸ்தவ மாத இதழில் என் முதல் கதை அப்போதுதான் அச்சாகியிருந்தது. கிறிஸ்தவ எழுத்தாளர் ஆகிவிட்டோம் என்று தலைகால் புரியாமல் திரிந்த நேரம். இதுவும் முதற்பலன்தானே? இதழை வெள்ளைத் துணியில் சுற்றி, நெல் மூட்டை இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டேன்...

துபாய், குவைத் பணம் ஊருக்குள் வர ஆரம்பித்திருந்த காலம். சேவலை ஆளாளுக்கு ஏற்றிக் கேட்டார்கள். ஏலம் விட்டவர் ஐயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார். அவர் அடுத்து என் இதழை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம சாமுவேல் பொண்ணு எழுதின கதைங்க. கேளுங்க, யாராச்சும் கேளுங்க."

இதழைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"சும்மா ஒரு பேச்சுக்காவது கேளுங்கப்பா."

பின்னாலிருந்து ஒருத்தர், "குழம்பு வைக்க ஆகுமாங்க அது?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடைசியில் உபதேசியார் பக்கத்திலிருந்த பூசணிக்காயைத் தூக்கி, "காயை எடுக்கிறவங்களுக்குக் கதை சும்மா" என்றார்.

ஜன்னலோரப் பெஞ்சில் எப்போதும் உட்காரும் ரூத் அக்கா எடுத்தார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தாலே எனக்குத் தலைவலி வந்துவிடும். கோயில் பக்கமே தலைகாட்டவில்லை. ஒருநாள் வாய்க்கால் மதகில் ரூத் அக்காவிடம் வசமாக மாட்டிக்கொண்டேன். அவர் வீட்டுக்காரர் குவைத் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. ஆரம்பத்தில் பணம் வந்தது. அப்புறம் ஒரு தகவலும் இல்லை. ஊருக்கே தெரியும்.

என் கதையும் அப்படித்தான். வெளிநாடு போன கணவன் மனைவியை மறந்துவிடுகிறான். அவள் உபவாசம் இருந்து ஜெபிக்கிறாள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவள் பாடிக்கொண்டிருக்கும்போது சூட்கேஸோடு வந்து நிற்கிறான். சத்தியமாக அக்காவை நினைத்து எழுதவில்லை. யாரையுமே நினைத்து எழுதவில்லை என்பதுதான் உண்மை.

"கதையப் படிச்சேம்மா" என்றார். "நல்லாத்தான் எழுதியிருக்க. அவ ஜெபம் பண்ணா, அவன் வந்துட்டான். நானும்தான் பண்றேன்... என் ஜெபத்துல என்னம்மா கோளாறு?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஏலத்தில் மானம் போனதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

"அடுத்த கதையில மாத்தி எழுதுறேன்க்கா" என்றேன். வேறு என்ன சொல்வது.

"அவன் வரலன்னே எழுதும்மா. வரலன்னாலும் அவ கோயிலுக்கு வந்தான்னு எழுது. அதை நான் நம்புவேன்."

சரிக்கா என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது நிறைய எழுதுகிறேன். செல்போனில் கதையைப் போட்ட அடுத்த நிமிஷம் கீழே வரிசையாக 'ஆமென்' விழுகிறது. பதிப்பகத்தில் ஆசீர்வாதமான முடிவு வேண்டும் என்பார்கள், நானும் கொடுத்துவிடுவேன். என் கதைகளில் நோயாளிகள் பிழைத்துக்கொள்வார்கள், போனவர்கள் திரும்பிவிடுவார்கள். அக்கா கேட்ட முடிவை மட்டும் இன்றுவரை எழுதவில்லை. தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஏலமும் மாறிவிட்டது. இப்போது கோயிலுக்குள்ளேயே நடக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் வாட்ஸ்அப்பிலேயே கேட்கிறார்கள். போன வருஷம் என் புத்தகத்தை வைத்தார்கள். ஒரு ஆட்டுக்கிடாயைவிட அதிகமாகப் போனது. எல்லாரும் கைதட்டினார்கள். பார்க்க அப்பாதான் இல்லை.

கைதட்டல் ஓய்வதற்குள் என் கண் தானாக ஜன்னலோரப் பெஞ்சுக்குப் போனது. தலை முழுக்க நரைத்துவிட்டது, ஆனாலும் அடையாளம் தெரிந்தது.

அவர் வீட்டுக்காரர் கடைசிவரை வரவில்லை.

அக்கா வந்திருந்தார்.