எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று

விபோர்க் பக்கத்தில் நண்பரின் கோழிப்பண்ணைக்கு நரி வரத் தொடங்கியதும், புதுத் துப்பாக்கி வாங்க எனக்கு நல்ல சாட்டுக் கிடைத்தது.

கடைக்காரர் இலேசான குண்டுக்கான சிறுகுழல் துப்பாக்கி ஒன்றையே நீட்டிக்கொண்டிருந்தார். இங்கே வீசுகிற காற்றில் அந்தக் குண்டு எங்கேயோ போய்விடும் என்று மறுத்தேன். பாரமான குண்டு அவ்வளவு ஒதுங்காது. ஆனால் அது நீளமானது. தள்ளாடாமல் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். எட்டு அங்குலத்துக்குள் ஒரு முழுச் சுற்று வருகிற மாதிரி உள்ளே வரி வெட்டிய குழல்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். சுடுதளத்தில் குறி அச்சொட்டாக விழுந்தது.

புதுக் காருக்குப் பூசை செய்ததுபோலவே, மனைவி துப்பாக்கியைச் சுவாமிப் படத்தின்முன் வைத்துக் கும்பிட்டுத் தந்தாள்.

அன்று மாலையே பண்ணையில் போய்க் காத்திருந்தேன், நரி வந்தது. காற்று பலமாக வீசியது, எனக்கென்ன கவலை? துப்பாக்கியின் தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். பண்ணையே மஞ்சள் மூட்டமாகத் தெரிந்தது. தொலைநோக்கியின் முன்கண்ணாடியில் காய்ந்திருந்த சந்தனத்தை நான் சுரண்டி முடிப்பதற்குள் நரி கோழியோடு போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கத்தினேன்.

“முன்னுக்கு இருக்கிறதுதானே அதின்ரை நெத்தி?” என்றாள். “பொட்டை வேறை எங்கை வைக்கிறது?”