எட்டு இல்லாத சீட்டுக்கட்டு

என் அப்பா கண்ணாடி வெட்டுபவர். நாற்பது வருடம் ஒரே கடை, ஒரே மேசை. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் அளவு குறித்து, கட்டரால் ஒரு கோடு இழுத்து, மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டு தட்டினால் கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்டுப் பிரியும். பிளாஸ்திரி ஒட்டாத அவர் விரல்களை நான் பார்த்ததே இல்லை. அவருக்குப் பேச்சு குறைவு, கோபம் அதைவிடக் குறைவு. எனக்கு இரண்டும் தாராளம். அது அம்மா வழி.

வாய்ப்பாடு எனக்கு வீட்டில்தான் வந்தது. சாயங்காலம் கடையிலிருந்து வந்து கை கழுவியதும் அப்பா சீட்டுக்கட்டை எடுப்பார். ராஜா, ராணி, ஜாக்கியை எல்லாம் ஒதுக்கிவிடுவார். "இவங்களுக்குக் கணக்கு வராது, உக்காந்து சாப்பிடுற ஆளுங்க" என்பார். மீதியில் ஆளுக்குப் பாதி. இருவரும் ஒவ்வொரு சீட்டைத் திருப்பிப் போட வேண்டும். இரண்டையும் பெருக்கி முதலில் விடை சொல்பவருக்கு இரண்டும் சொந்தம். அம்மா காய் நறுக்கிக்கொண்டே தீர்ப்புச் சொல்வாள். ஏழும் ஒன்பதும் விழுந்தால் "அறுபத்து மூணு!" என்று நான் போடும் கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். ஒன்பது வயதில் என்னை ஜெயிக்க ஆளில்லை என்று தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ஒரு விடுமுறை நாளில் தோழி வீட்டில், அவர்கள் சீட்டுக்கட்டை வைத்து அதே ஆட்டம் ஆடினோம். அவள் போட்ட ஒரு சீட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டு.

"இது டூப்ளிகேட் கட்டு. சீட்டுல எட்டே கிடையாது" என்றேன்.

அவள் அக்கா கட்டைத் தரையில் பரப்பி நான்கு எட்டுகளையும் தனியே எடுத்து வைத்தாள். சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணீர் வந்துவிட்டது. அதன்பின் எட்டு வந்த ஒவ்வொரு தடவையும் திருதிருவென்று முழித்தேன். பள்ளியில் எட்டாம் வாய்ப்பாட்டைக் கூட்டத்தோடு கூட்டமாக ஒப்பித்ததோடு சரி.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்: "நம்ம கட்டுல எட்டு எங்கப்பா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா காயைப் பார்த்தாள். அவர் எழுந்துபோய் வேலைப் பைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துவந்தார். உள்ளே நான்கு எட்டுகள், கசங்காமல்.

"நான் மூணாவது படிக்கும்போது எட்டாம் வாய்ப்பாடு ஆரம்பிச்சாங்க. அன்னிக்குத்தான் எங்கப்பா கட்டட வேலையில சாரத்துலேருந்து விழுந்தாரு. ஒரு மாசம் ஆஸ்பத்திரியிலயே கூட இருந்தேன். திரும்பிப் போனப்ப ஒன்பது நடந்துட்டிருந்துச்சு. ஒன்பது கத்துக்கிட்டேன், பத்து கத்துக்கிட்டேன். எட்டை யாரும் கேக்கல, நானும் சொல்லல. மத்த வாய்ப்பாட்டுலயும் எட்டு வர்ற இடத்துல தடுமாறிடுவேன்."

"அப்ப கடையில என்ன பண்ணுவீங்க?"

"கண்ணாடி மேலயே கோடு கோடாப் போட்டு எண்ணிட்டு, ஈரத்துணியால துடைச்சுடுவேன்." நான்கு எட்டுகளையும் அடுக்கி என் முன் வைத்தார். "உன் முன்னாடி முழிக்க வேண்டாம்னுதாம்மா எடுத்து வச்சேன்."

அன்று நான் சொன்னதை இப்போது எழுதவே கை கூசுகிறது. "உங்களுக்குத் தெரியாதுங்கறதுக்காக என்னையும் முட்டாளாக்கிட்டீங்க." சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அவருக்கு அவ்வளவு வலித்திருக்கும்.

மறுநாளிலிருந்து நான்கு எட்டுகளும் ஆட்டத்துக்கு வந்தன. இரண்டே வாரத்தில் நான் பிடித்துக்கொண்டேன். அப்பாவால் முடியவில்லை. எட்டு விழுந்ததும் அவர் விரல் மேசைக்கடியில் கோடு போடத் தொடங்கும். அதற்குள் சீட்டு என் கைக்கு வந்துவிடும். "ஒரு தடவை விட்டுக்குடேன்டி, பாவம்" என்று அம்மா என்னைத் தனியே அழைத்துக் கெஞ்சினாள். மாட்டேன் என்றேன். கோபம் தீரவில்லை, அதுதான் உண்மை. ஐந்து மாதம் அவர் ஒரு எட்டைக்கூட ஜெயிக்கவில்லை. ஒரு நாள்கூட ஆட்டத்துக்கு வராமலும் இல்லை.

ஒரு மழை நாள். நான் ஏழு போட்டேன், அவர் எட்டு போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் "ஐம்பத்தாறு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அம்மா நறுக்குவதை நிறுத்தினாள்.

அப்பா சீட்டைத் தொடவில்லை. "விட்டுக்குடுத்தியா?"

"இல்லப்பா."

"உண்மையைச் சொல்லு."

"சத்தியமா இல்ல. நீங்க முந்திட்டீங்க."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் தெளிந்தது. "ஆமா. நீ விட்டுக்குடுக்கற ஆளு இல்ல" என்றார்.

இரண்டு சீட்டுகளையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முகம் கழுவப் போனார். அழுதார் என்று எனக்குத் தெரியும். அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் நான் அடுத்த சீட்டைப் போட்டேன். அதிலும் விட்டுக்கொடுக்கவில்லை.