காப்பியில் கலந்த விதைத்தூள்

கிடங்கின் பின்வாசலில் வேலை முடிந்து போகிறவர்களின் பைகளைச் சோதிப்பது அவர் வேலை. கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அதற்குள் இருக்கும் சின்ன டப்பாவையும் திறந்து பார்க்கிற ஆள். வீட்டிலும் அதே குணந்தான். பால்காரர் சிரித்தால், இன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்பார்.

கிடங்கில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தபோது, அவருக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருப்பதாகத் தெரிந்தது. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். டாக்டர் குடியை விடச் சொன்னார், தினமும் நடக்கச் சொன்னார், சில மாதம் கழித்து வரச் சொன்னார். மருந்து எதுவும் எழுதவில்லை.

"மருந்து எழுதத் தெரியாதவரெல்லாம் டாக்டரா?" என்று வீட்டுக்கு வந்து பொருமினார்.

மனைவி தையல் கடையில் வேலை பார்த்தவள். அவள் பயந்துபோய்த் தன் தங்கையிடம் சொன்னாள். மறுநாளே தங்கை ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றாள். "மில்க் திஸில்னு பேரு அத்தான். முள்ளுச் செடி, ஊதாப் பூ பூக்கும். அதோட விதையைப் பொடிச்சது. ஈரலுக்கு ரொம்ப நல்லதாம்."

"யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா ஒருத்தரும் இல்லன்னு அர்த்தம். எடுத்துட்டுப் போ."

தங்கை போய்விட்டாள். பொட்டலம் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து அவருக்குக் காப்பி கசந்தது. டம்ளரின் அடியில் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. தூள் சரியில்லை என்று முதலில் நினைத்தார். ஆனால் வழக்கமாகக் காப்பியை வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடுகிற மனைவி, இப்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து, அவர் குடித்து முடிக்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரை உடனே கழுவினாள். தங்கையோடு போனில் குசுகுசுவென்று பேசுவாள். அவர் உள்ளே நுழைந்தால், "சரி, வெச்சிடறேன்" என்பாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு காலை, அவள் திரும்பிய நேரத்தில் தன் டம்ளரையும் அவள் டம்ளரையும் மாற்றி வைத்தார். அவள் ஒரு மடக்கு குடித்தாள், முகம் சுளித்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு முழுவதையும் குடித்துவிட்டாள். அவர் குழம்பினார். தானே குடிக்கிறாள் என்றால் விஷம் இல்லை. இல்லை, ஒரு நாளில் கொல்லாத விஷமோ?

அதற்குப் பிறகு அவள் செய்த காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. "வேலையில சாப்பிட்டுக்கறேன்" என்று டப்பாவை வாங்கிக்கொண்டு, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கொட்டினார். அவள் கண்ணெதிரே உட்கார்ந்திருந்ததால் காப்பியைக் கொட்ட வழியில்லை. பாதி குடித்தார். சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார்; அது அவரே கடையில் வாங்கியது.

ஒரு நாள், கிடங்கு வாசலில் ஒரு பெண்ணின் பைக்குள் கை விட்டிருந்தபோதே அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. அப்படியே சரிந்தார். அந்தப் பெண்தான் பையிலிருந்து மிட்டாயை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இது என்னது?"

"மிட்டாய்ண்ணே. எங்கப்பாவுக்கும் சர்க்கரை இப்படித்தான் இறங்கும். வாயைத் திறங்க."

மருத்துவமனைக்கு மனைவி ஓடி வந்தாள். சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கிறது என்ற டாக்டர், "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"அதை அவகிட்டக் கேளுங்க. தினமும் காப்பியில கலக்கறா."

மனைவியின் முகம் வெளிறியது. தன் கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இவர்கிட்ட சொன்னா குடிக்க மாட்டாருன்னுதான், டாக்டர்..."

டாக்டர் முகர்ந்து பார்த்தார். "இதை ரொம்ப காலமா ஈரலுக்குக் குடுக்கறாங்க. ஆனா எவ்வளவு பலன்னு இன்னும் உறுதியாச் சொல்ல முடியல. சர்க்கரை மாத்திரையோட சேர்ந்தா சிலருக்குச் சர்க்கரை இறங்கலாம். எதுவா இருந்தாலும் அவருக்குத் தெரியாமக் குடுக்கறது தப்பும்மா." பிறகு அவர் பக்கம் திரும்பினார். "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

அவர் மேசைமேல் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்தோடவா வேலைக்குப் போனீங்க?"

"டப்பா கட்டிக் குடுத்தேனே" என்றாள் மனைவி. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், "வெஷம்னா நெனச்சீங்க?" என்று கேட்டாள்.

"ம்."

"வைக்கணும்னா கல்யாணமான வருஷமே வெச்சிருப்பேன்."

பொட்டலம் தங்கையிடம் திரும்பிப் போனது. குடியை விட்டார். டாக்டர் சொன்னபடி மாலையில் நடக்கத் தொடங்கினார். மனைவியும் வந்தாள், ஆனால் நாலு அடி முன்னால். அடுத்த பரிசோதனையில் ஈரல் கொஞ்சம் தேறியிருந்தது. நடையால்தான் என்றார் டாக்டர். பொடியால்தான் என்று சாதித்தாள் தங்கை. அவர் இரண்டு பேரையும் நம்பவில்லை.

அன்று மாலை நடக்கும்போது மனைவி சட்டென்று நின்றாள். "வெஷம்னு நெனச்சும் ஏன் வீட்டை விட்டுப் போகல?"

அவர் யோசித்தார். "போயி எங்க இருக்கறது? உன்னைத் தவிர எனக்கு யாரைத் தெரியும்?"

அதற்குப் பிறகு அவள் முன்னால் போகாமல், கூடவே நடந்தாள்.