கேசவனின் தொண்டை மைக்

கேசவனின் குரலை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனில் குரல்வளையோடு போயிற்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை கேட்டுவிட்டு, "அப்புறம் பேசினாரா?" என்று யாரும் என்னிடம் வந்து நிற்க வேண்டாம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

அவன் படாளத்துக்காரன். நிலம் பாகம் பிரிந்தபோது தன் பங்கை விற்று வேன் வாங்கி, செங்கல்பட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடி வந்தான். சிறுசேரி ஐ.டி. ஆபீஸ்களுக்கு ஆள் ஏற்றிப் போவான். விடியற்காலையில் வேனைக் கழுவிக்கொண்டே பெண்டாட்டி சங்கரியைக் கூப்பிடுவான் பாருங்கள், தெருவே எழுந்துவிடும். எத்தனையோ நாள் ஜன்னலைத் திறந்து திட்டியிருக்கிறேன். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பும் சத்தமாகத்தான் இருக்கும்.

வேனில் வந்த விஷால் என்ற என்ஜினியர்தான் அவனுக்கு ஏர்சாஃப்ட் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தது. பிளாஸ்டிக் குண்டு சுடும் பொம்மைத் துப்பாக்கியோடு இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடும் ராணுவ விளையாட்டு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடப்பாக்கம் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் ஆடுவார்கள். வேன் ஓட்டிப் போனவன், ஆள் குறைந்த ஒரு நாள் இறங்கி ஆடினான். கொஞ்ச நாளில் அவன்தான் கேப்டன். என்னையும் இழுத்துப் போனான். கழுதை வயசில் இதெல்லாம் தேவையா என்று சண்டை போட்டுவிட்டு, அடுத்த வாரமே நானும் துப்பாக்கி வாங்கினேன்.

தோப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கத்தித்தான் ஆட்களை நகர்த்துவான். கடல் காற்றையும் மீறிக் கேட்கும். போன வருஷம் ஆடி மாதத்தில் அந்தத் தொண்டை கட்டியது. கட்டியது விடவில்லை.

"கத்திக் கத்தி கட்டிகினு கீது மச்சான். ரேடியோ ஒண்ணு வாங்கிட்டா சரியாப் பூடும்" என்றான்.

ஆக, அவன் தொண்டையைக் காப்பாற்றத்தான் வாக்கி-டாக்கி தேட உட்கார்ந்தோம். அவன் வீட்டுக் கூடத்தில் நான், அவன், விஷால். லைசென்ஸ் கேட்காத அலைவரிசையாக இருக்க வேண்டும், மணல் புகக் கூடாது, பேட்டரி பாதி ஆட்டத்தில் செத்துப்போகக் கூடாது. ஒரு வழியாக ஒன்றைப் பிடித்து ஆளுக்கொன்று வாங்கினோம். கையில் பிடித்துப் பேசியபோது அவன் குரல் கரகரவென்று வந்தது, ஆனால் வந்தது. துப்பாக்கியை எந்தக் கையில் பிடிப்பது என்பதுதான் தொல்லை. அதற்கு ஹெட்செட் வேண்டும். முகத்தை மூடிக் கவசம் போடுவதால் வாய்க்கு முன்னால் நீட்டும் மைக்குக்கு இடமில்லை. காற்று இரைச்சல் வேறு.

"அப்ப தொண்டை மைக்தான்" என்றான் விஷால். கழுத்தில் பட்டி மாதிரி கட்டிக்கொள்வது. பேசும்போது தொண்டையில் உண்டாகும் அதிர்வை அப்படியே எடுத்து அனுப்பும். காற்று அதை ஒன்றும் செய்யாது.

வந்தது. கட்டினோம். எல்லோர் குரலும் காதுக்குள் கணீரென்று கேட்டது. கேசவன் பேசினால் மட்டும் காகிதத்தைக் கசக்குகிற மாதிரி ஒரு சத்தம். அன்றைக்குப் படுதோல்வி.

விற்றவனுக்குப் போன் போட்டு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. வேறு அனுப்பினான். அதிலும் அதே கதை. கேசவனுக்கென்று வேறு கம்பெனி மைக் வரவழைத்தோம். என் கழுத்தில் பேசியது, விஷால் கழுத்தில் பேசியது, கேசவன் கழுத்தில் செத்துக் கிடந்தது. பட்டியை இறுக்கினோம், தளர்த்தினோம், தாடியை மழிக்கச் சொன்னோம். எங்கள் மூன்று பேர் புத்தியும் மைக்கை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகரவில்லை. ஒவ்வொரு பார்சலுக்கும் காத்திருந்து மாதங்கள் ஓடின.

பொங்கல் கழித்து ஒரு சாயங்காலம், கேசவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இன்னொரு மைக்கைத் திருப்பி அனுப்பக் கட்டிக்கொண்டிருந்தேன். சங்கரி அடுப்படியிலிருந்து வந்தாள்.

"இன்னாண்ணா எப்பப் பாத்தாலும் அனுப்பிகினே கீறீங்க? குடுங்க இப்டி."

அதை ஒரு ரேடியோவில் செருகிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். "இன்னாயா, காபியா டீயா?" கூடத்து ரேடியோவில் அவள் பக்கத்தில் நின்று கேட்பது போலக் கேட்டது. திரும்பி வந்து கேசவன் கழுத்தில் கட்டினாள்.

"என் பேரச் சொல்லு."

சொன்னான். காகிதம் கசங்கியது. அவள் பட்டியைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை அவன் தொண்டையில் வைத்தாள்.

"இன்னொரு தபா சொல்லுயா."

இன்னொரு கையைத் தன் தொண்டையில் வைத்துத் தானும் சொல்லிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"எனக்கு அதுருதுண்ணா. இவருக்கு ஒண்ணுமே இல்லியே."

நான் பார்சலைக் கீழே வைத்தேன்.

மறுநாளே டாக்டரிடம் போனோம். அவர் சென்னைக்கு அனுப்பினார். குரல் நாணில் கட்டி, ஒரு பக்கம் அசைவே இல்லை, புற்றுநோய். தொண்டை கட்டின புதிதிலேயே வந்திருந்தால் கதிர்வீச்சுக் கரன்ட் வைத்தே குரலைக் காப்பாற்றியிருக்கலாமாம். அந்த டாக்டர் தணிந்த குரலில்தான் சொன்னார். எனக்கு அவர் மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. பாவம், அவர் என்ன செய்வார்.

உயிர் தப்பினான். கழுத்தில் மூச்சு விட ஒரு துளை, அதன் மேல் வெள்ளைத் துணி. வேனை வேறு டிரைவர் ஓட்டுகிறான். எங்கள் தெருவில் விடியற்காலையில் சத்தமில்லை. நான் தூங்குவதும் இல்லை.

போன ஞாயிறு பார்க்கப் போனபோது சங்கரி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவன் குரலை அவள் எல்லாவற்றிலும் தேடிப் பார்த்துவிட்டாள். கல்யாண வீடியோவில் மேளமும் சினிமாப் பாட்டும்தான். தோப்பில் விஷால் எடுத்த வீடியோக்களிலும் பாட்டை ஒட்டி வைத்திருக்கிறான். போனில் குரல் பதிந்து அனுப்புகிற பழக்கம் கேசவனுக்கு இருந்ததில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தானே அவள் இருந்தாள்.

"அண்ணா, அந்த ரேடியோல இவரு பேசுனது எங்கனா சேவ் ஆயிருக்குமா? கரகரன்னு இருந்தாக்கூட பரவால்ல."

"இல்லம்மா. அதுல ஒண்ணும் தங்காது. பேசுனதும் போயிடும்."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். நிமிர்ந்தால் வாசற்படியில் கேசவன் நின்றிருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான். போனில் ஏதோ எழுதி அவளிடம் நீட்டினான். நானும் எட்டிப் பார்த்தேன்.

"வுடு சங்கரி. அதுல இன்னாத்த பேசிட்டேன். குனிஞ்சி ஓடு, மரத்துக்குப் பின்னால நில்லு, அவ்ளோதான்."

அவள் படித்தாள். போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"அது போதும்யா எனக்கு" என்றாள்.