எஸ்தர் கேட்ட இரைச்சல்

எங்கள் ஷூ கம்பெனித் தையல் லைனின் வாட்ஸ்அப் குழுவில் வழக்கமாக ஷிப்ட் மாற்றமும் கம்பெனி பஸ் தாமதமும்தான் வரும். போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எஸ்தரின் எண்ணிலிருந்தே ஒரு செய்தி வந்தது. அவள் தம்பி சாலமன் அனுப்பியிருந்தான்: "அக்கா காலைல போய்ட்டாங்க. நாளைக்கு அடக்கம்." டிபன் பாக்ஸைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடித்ததும் எல்லோரும் மெஷினுக்குத் திரும்பினோம். ஆர்டர் போக வேண்டியிருந்தது.

ஆம்பூரில் அவளோடு வேலை செய்த நமக்கெல்லாம் அவள் 'கொர்ரு எஸ்தர்'. பாட்டு கேட்க மாட்டாள், சத்தம் கேட்பாள். வாணியம்பாடிப் பக்கம் டேனரிச் சுவர்களுக்கு வெளியே நின்று, உள்ளே தோலைப் புரட்டும் பெரிய மர டிரம் சுற்றுகிற ஓசையைப் போனில் பதிவு செய்வாள். அதை நீட்டி, மெதுவாக்கி, அடியில் பழைய கீபோர்டில் ஒரே ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்துச் சேர்ப்பாள். உலகத்தில் எங்கெங்கோ இதை இசை என்றே செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று யூடியூபில் கண்டுபிடித்த அன்று, தொலைந்துபோன சொந்தக்காரர்கள் கிடைத்ததுபோல் சிரித்தபடி வேலைக்கு வந்தாள்.

எனக்கு ஐந்தாம் மாதத்தில் குழந்தை கலைந்து, மறுபடி வேலைக்கு வரத் தொடங்கியிருந்த நாட்கள். அடுத்தது நிற்கும் என்றார்கள். நல்லதுக்குத்தான் என்றுகூட ஒருத்தி சொன்னாள். பஸ்ஸில் எஸ்தர் இயர்போனில் ஒன்றை என் காதில் செருகினாள்.

"இன்னாடி, போன் ரிப்பேரா?" என்றேன்.

"கொஞ்சம் இரு. இதுக்கு மேல ஒன்னும் வராதுன்னு தெரிஞ்சப்புறம்தான் அது கேக்கவே ஆரம்பிக்கும்."

முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த ஒரே முழக்கத்துக்குள் மெல்லிய அலைகள் எழுந்து அடங்குவது கேட்டது. அதற்கு என்னிடம் சொல்ல எந்த ஆறுதலும் இல்லை. என்னை எழுப்பி உட்கார வைக்கவும் அது முயலவில்லை. மாதனூர் தாண்டும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். எஸ்தர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒரே ஒரு முறைதான் அவள் நாலு பேர் முன்னால் வாசித்தாள். கிறிஸ்துமஸ் முடிந்து சபை வாலிபர் கூட்டம். கீபோர்டு தெரிந்தவள் என்று கீர்த்தனை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் இரண்டு கட்டைகளின் இடுக்கில் தோல் துண்டை மடித்துச் செருகி, அழுத்தியவை எழாமல் சுரம் விடாது ஒலிக்கச் செய்தாள். போனை மைக் அருகே வைத்தாள். டிரம் ஓசை மண்டபமெங்கும் உருளத் தொடங்கியது. முதலில் சிரிப்பு, பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம். "அக்கா, போதும், எறங்கு" என்று சாலமன் கீழே நின்று கெஞ்சினான். யாரோ மெயினை அணைத்துவிட்டார்கள்.

வெளியே வந்து அந்தத் தோல் துண்டைப் பையில் போட்டுக்கொண்டாள். "பாட்டுன்னா அது எங்க போய் முடியும்னு அவங்களுக்குத் தெரியும். இது எங்கயும் போவாது. அதான் பேஜாரா இருக்குது" என்றாள். பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு அவளுக்கு ஓயாத தலைவலி என்று வேலூரில் ஸ்கேன் எடுக்கப் போனோம். ஆளைப் படுக்க வைத்துச் செலுத்தும் அந்தக் குழாய்க்குள் அடிக்கும் சத்தத்துக்குப் பயந்து பாதியில் வெளியே வந்தவர்களை அன்று பார்த்தேன். எஸ்தர் முகம் மலர்ந்து வந்தாள். "உள்ள இன்னா அழகா இருந்துச்சு தெரியுமா! இன்னொருவாட்டி எடுப்பாங்களா?" இன்னொரு முறை எடுத்தார்கள். அதற்கடுத்தும் எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் மூளையில் இருந்த கட்டி பெரிதாகியிருந்தது.

கடைசியாக நான் பார்க்கப் போனது சித்திரை வெயிலில். ஜன்னல்களை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதன் ஓசையை அவளால் தாங்க முடியவில்லையாம். தெருவில் ஆட்டோ போனால் கண்களை இறுக மூடிக்கொண்டாள். அவளுடைய பதிவு ஒன்றை மெதுவாக வைக்கட்டுமா என்று கேட்டேன். அவளுக்குப் பிடித்ததாயிற்றே என்று நினைத்துவிட்டேன்.

"வேணாம்டி. இப்போ அதுல ஒன்னும் இல்ல. வெறும் சத்தம்."

"அப்புறம் சரியாய்டும்" என்றேன்.

"ஆவாது" என்றாள்.

அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து, அந்தப் பதிவுகளை எனக்கு அனுப்பச் சொல்லி சாலமனிடம் கேட்டேன். அவன் குழம்பிப்போனான். "அதுல பாட்டு ஒன்னும் இல்லக்கா, கொர்ருன்னு சத்தம்தான் இருந்துச்சு. போனை வீட்ல யூஸ் பண்ணலாம்னு நேத்துதான் எல்லாத்தையும் அழிச்சேன்." அவன்மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. மாதக்கணக்கில் அவளைத் தூக்கிக் குளிப்பாட்டியவன் அவன். அவள் செய்த ஒலிகளில் ஒன்றுகூட இப்போது எங்கும் இல்லை. அவளைத் தெரிந்த நீங்கள் யாராவது வைத்திருப்பீர்களோ என்று கேட்கத்தான் இதை எழுத நினைத்தேன். வைத்திருக்க மாட்டீர்கள்.

ஆலைக்குள் கண்ணை மூடிக்கொண்டு அவளைப்போல் கேட்டுப் பார்க்கிறேன். மெஷின் ஓடுகிறது, அவ்வளவுதான். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது 'ஆவாது' என்ற அந்த ஒரு சொல். அந்தச் சத்தத்தில் அழகு இருந்தபோது, ஊரே சிரித்தாலும், 'இருக்கிறது' என்றாள். அது போய்விட்டபோது, எனக்காகக்கூட, இருப்பதாக நடிக்கவில்லை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வைத்திருக்கிறேன்.