ரோசிலி சேச்சியின் வாலிஸ்னேரியா

ரோசிலி சேச்சி போய்விட்டார். பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் முந்தாநாள் காலை போட்டிருந்தார்கள். தூக்கத்திலேயே… அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்தபடி அப்படியே நின்றேன்.

மட்டாஞ்சேரி மிளகு ஏற்றுமதி ஆபீஸில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து டேபிள். சேச்சியின் டேபிளில் பில் கட்டுகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே வாலிஸ்னேரியா… பச்சை ரிப்பன் மாதிரி மெலிசாக, நீளமாக, தண்ணீருக்குள்ளேயே நின்று ஆடும் செடி. மேனேஜர் கத்தும்போதெல்லாம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

ஆசைப்பட்டு சேச்சியிடம் ஒரு கன்று கேட்டு வாங்கிப் போனேன். எங்கள் கிணறு உப்பு, குழாயில் க்ளோரின். பெரிய புத்திசாலி மாதிரி மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். ஒரே வாரத்தில் இலையெல்லாம் கூழ்!

"எடி மண்டீ! மழைவெள்ளத்துல என்ன சத்து இருக்கு? குழாய்த் தண்ணிய ஒரு நாள் பக்கெட்ல திறந்து வெச்சு ஊத்து. இதுக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும், கொஞ்சம் கக்கா ஓடு போடு. செடியத் தூக்கிப் போட்டுடாதே, அடியில உசிர் இருக்கும்" என்று திட்டினார் சேச்சி.

கக்கா ஓடா! காயலில் கிடைக்கும் சிப்பியின் ஓடு அது. நாங்கள் தலைமுறை தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். பக்கத்து வீட்டு மீன்கறி வாசனை பழகிய மூக்குதான்… ஆனாலும் சுத்த சைவம். "காயல் ஜந்துவோட ஓடு என் வாசப்படி தாண்டப்படாது" என்றாள் அம்மா.

சேச்சி விடுவாரா? தன் வீட்டுக் கறியில் மிஞ்சிய ஓடுகளைத் தேய்த்துக் கழுவி, கொதிக்க வைத்து, வெயிலில் காயவைத்து டிபன் பாக்ஸில் கொண்டுவந்தார். "அம்மாகிட்ட மார்பிள் கல்லுன்னு சொல்லு."

சொன்னேன். அம்மா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "செடி பொழச்சுக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

பிழைத்தது. அடியிலிருந்து புது இலை. அப்புறம் மணலுக்கு மேலே கொடி ஓடி, கன்றுக்குப் பக்கத்தில் கன்று.

வேலையை விட்டு இடப்பள்ளி ஃப்ளாட்டுக்கு வந்த பிறகு செடிக்குப் பெரிய கண்ணாடித் தொட்டியே வாங்கிவிட்டேன். "சேச்சி, காடு மாதிரி ஆயிடுச்சு, ஒரு தடவை வாங்களேன்…" எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன்!

"வரேன்டி மோளே, இந்த முட்டுவலி குறையட்டும்." வீடியோ காலில் காட்டினால் ஒத்துக்கொள்ளமாட்டார். "ஃபோன்ல என்ன பச்சை தெரியுது? நேர்ல வந்துதான் பாப்பேன்."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, குறை சொல்லி, என்னை ரெண்டு திட்டு திட்ட வேண்டும். வேறு யார் பார்த்து என்ன…

நேற்று அடக்கம் முடிந்து சேச்சி வீட்டுக்குப் போனேன். வந்திருந்த குழந்தைகள் கூடத்தில் இருந்த சேச்சியின் கண்ணாடித் தொட்டிக்குள் கையை விட்டுச் செடிகளைப் பிடுங்கியிருந்தன. சேச்சியின் கணவர் வர்கீஸ் சேட்டன் ஒவ்வொன்றாக எடுத்து, பாதி இலை வரை மணலுக்குள் அழுத்திக்கொண்டிருந்தார்.

"நிக்கவே மாட்டேங்குது. எல்லாம் அவதான் பண்ணுவா…"

புடவையைச் செருகிக்கொண்டு நானும் கையை விட்டேன். "வேரை மட்டும் மணல்ல விடுங்க சேட்டா. இலை தொடங்குற கழுத்து வெளிய இருக்கணும், மூடினா அழுகிடும். நட்டப்புறம் பிடுங்கிப் பாக்காதீங்க."

சேட்டன் நான் சொன்னபடியே ஒன்று நட்டார். நின்றது.

"உன் வீட்ல பெரிய தொட்டி இருக்காமே. போகணும் போகணும்னு சொல்லிட்டே இருந்தா…" என்றவர், கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வரட்டுமா?"

"வாங்க சேட்டா" என்றேன்.

சேட்டன் வரட்டும். சாயா போட்டுத் தருகிறேன், தொட்டியைக் காட்டுகிறேன். ஆனால் நான் கூப்பிட்டது உங்களைத்தானே சேச்சி…