ஐம்பத்தொரு கிலோ

எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஒருநாள் பைபிள் வாசிக்கும் முறை என்னிடம் வந்தது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். பொடி எழுத்து, இருபது பேர் முன்னால், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். விடுமுறையில் வந்திருந்த லியோ சட்டென்று, "அக்கா, நான் வாசிச்சு ரொம்ப நாளாச்சு. இன்னிக்கி எனக்கு உட்டுக்குடுங்க" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டான். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பிறகு என்னிடமும் அவன் அதைப்பற்றிப் பேசியதில்லை.

ஓசூர் பக்கம் மத்திகிரியில் எங்களுக்கு எதிர் வீடு அவனுடையது. இளவயதில் ராயக்கோட்டை தக்காளி மண்டியில் எடை போட்டவன். பிறகு ஒரு சின்ன விமானக் கம்பெனியில் சேர்ந்து, நாட்டின் வடகோடி மலைக்குப் போனான். அங்கே சாலையே இல்லாத ஊர்கள். வாரம் இரண்டு முறை வரும், பதினேழு பேர் ஏறும் குட்டி விமானம்தான் அவர்களுக்கு பஸ். ஓடுபாதை சிறியது; பாரம் கூடினால் விமானம் எழும்பாது. அதனால் பையை மட்டுமல்ல, ஆளையும் தராசில் நிறுத்தி எடை எழுதுவார்கள். எழுதுகிறவன் லியோ.

"என்னியக்கூட எடை போட்டுப் பாத்துதான் கட்டினாரு" என்பாள் அவன் மனைவி ரூபி.

"இப்ப ஏறிப் பாரு, தராசு ஒடஞ்சிரும்" என்பான் அவன்.

அப்படிச் சிரித்த வீடு. போன ஜூனில் லியோ சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினான். வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நான்காம் நாள் பெங்களூரிலிருந்து கம்பெனி அதிகாரி மோகன்குமார் காரில் வந்தார். ரூபி ஓடி வந்து, "கூட வந்து இருங்கக்கா, எனக்குப் படபடன்னு இருக்குது" என்று என்னை அழைத்துப் போனாள்.

அவர் நீட்டிய தாள் இங்கிலீஷில் இருந்தது. "ஒரு சைன் பண்ணுங்க பிரதர், சும்மா ஃபார்மாலிட்டி. அடுத்த மாசமே பெங்களூர் ஆபீஸ்ல வேலை. டெய்லி வீட்டுக்கு வந்துரலாம்."

லியோ தாளை வாங்கி என் பக்கம் திரும்பினான். "அக்கா, இதுல இன்னா எழுதிக்கிதுன்னு சொல்றன், கேளுங்க. கர்ப்பிணிப் பொம்பள ஒருத்தி நேரங்கழிச்சு வந்தா. எடை போடறவன் தப்பா அவ பேர எழுதிட்டான். அவ்ளோதான்."

"நெசமா?" என்றேன்.

"நேரத்துக்கு மின்னாடியே வந்துச்சிக்கா. வயித்துல புள்ள குறுக்கால இருக்குது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு ரெண்டு நாள் சொமந்துகினு வந்தாங்க. அம்பத்தோரு கிலோ. நான்தான் எழுதி, பிளேன்ல ஏத்தி ஒக்கார வெச்சன். அப்பறம் ஒரு காண்ட்ராக்டரோட பெட்டி வந்துச்சி, அம்பது கிலோ. அந்தம்மாவ எறக்கிட்டு பெட்டிய ஏத்துன்னு போன்ல சொன்னது இதோ, இவருதான்."

அடுத்த விமானம் மழையால் ஒன்பது நாள் வரவில்லையாம். தாயும் போனாள், பிள்ளையும் போனது.

ரூபி போட்ட காப்பியை ஆற்றிக் குடித்தபடியே மோகன்குமார் சொன்னார்: "நெக்ஸ்ட் ஃப்ளைட் இருந்துச்சே. மழைக்கு நான் என்ன பண்றது?"

ஆண்டவரே, அப்போது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. யாரையும் குரல் உயர்த்திப் பேசியறியாதவள் நான். "ஏங்க சார், அந்தப் பெட்டிக்கு வலி வந்துச்சா?" என்று கேட்டேன். "நாலு நாள் காத்துகினு இருந்தா பெட்டி செத்தா போயிருக்கும்?"

"அம்மா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

புரியாதாம்! ஒருத்தியை இறக்கிய இடத்தில் ஒரு பெட்டி ஏறியதைப் புரிந்துகொள்ள எத்தனையாவது படிக்க வேண்டும்?

லியோ தன் பைபிளைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்தான். மண்டியில், வியாபாரி பிறகு எடையை மாற்றிப் பேசினால் காட்டுவதற்காக, கார்பன் வைத்து எழுதிய சீட்டின் நகலைத் தனக்கென்று எடுத்து வைப்பான். விமான வேலையிலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. நகலில் காலை எட்டே கால் (விமானம் ஒன்பதரைக்குத்தான்), அந்தப் பெண்ணின் பெயர், ஐம்பத்தொன்று. அதன்மேல் ஒரு கோடு. கீழே, பெட்டி ஐம்பது. மோகன்குமார் பார்த்தார். டம்ளரைப் பாதியில் வைத்தார்.

"வேலை போயிரும், லியோ."

"போவட்டும் சார்." கையெழுத்துப் போடாமலே தாளை நாலாக மடித்து அவர் சட்டைப் பையிலேயே செருகினான்.

வேலை போனது. அவர் வேலை போகவில்லை. மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்தில் என் கோபங்களையெல்லாம் சாமியாரிடம் சொல்லுகிறவள் நான். இந்தக் கோபத்தை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. இதற்கு மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை.

அந்தப் பெண்ணின் புருஷன் புகார் கொடுத்து, அங்கே விசாரணை வைத்தார்கள். லியோ சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். போய் ஐந்து மாதமாகிறது. விசாரணையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்களாம், முடியாமல் வரமாட்டேன் என்று அங்கேயே இருக்கிறான். அவன் கிளம்பிய அன்றைக்கு ஓசூர் ரயில் நிலையத்தில் ரூபி அவன் பையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் கேட்டேன்: "சீட்ட ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிச்சா போதாதா தம்பி? அம்மாந்தூரம் நீ எதுக்கு?"

"எழுதினதுதாங்கா சீட்டுல இருக்குது. கையப் புடிச்சி கீழ எறக்கினவன் நானு. அத அவ புருசன் மூஞ்சிக்கு நேரா நான்தான் சொல்லணும்."